காடு மூடிய ஊர்கள்

பேலியகொடையில் தொடங்கும் ஏ-3 வீதி நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய பட்டினங்களைக் கடந்து புத்தளத்திற் சென்று முடிகின்றது. மீன் சந்தைக்கும் மரக்கறி மொத்தச் சந்தைக்கும் பெயர்பெற்றுவிட்ட இவ்வூரில் வாழ்வோருக்கு அது லொறிகள் வரும் வழி. கொழும்பு நகரின் நடுத்தர வகுப்பினருக்கோ விடுமுறைக் காலத்தில் அது வில்பத்துவுக்குச் செல்லும் வழி. பாடசாலைகளும் அவ்வழியே மாணவரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதுண்டு.

திரும்பி வந்த மாணவன் சுற்றுலாக் கட்டுரை எழுதும்போது 'மனிதன் காலடி படாத கன்னி வனம்' என்ற தொடரைத் தவறாது எழுதுவான். அத்தொடர் அவன் படைத்ததன்று. சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களும் ஞாயிறு மலர்களும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. அடுத்த பந்தியிலேயே, அக்காட்டினுள் புராதன இடிபாடுகள் உண்டென்றும் தேசிய பூங்கா அவற்றைப் பாதுகாத்து வருகின்றதென்றும் எழுதுவான். காலடி படாத காட்டில் இடிபாடு எவ்வாறு வந்தது என்ற ஐயம் அவனுக்கு எழுவதில்லை. கட்டுரையைத் திருத்தும் ஆசிரியருக்கும் பெரும்பாலும் எழுவதில்லை. நமது எழுத்தாளர் பலரும் இவ்விடயத்தில் அம்மாணவனிலிருந்து அதிக தூரம் சென்றுவிடவில்லை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள்.

வில்பத்து 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 130,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட அப்பரப்பின் தெற்கே கலாஓயா, வடக்கே மோதரகம் ஆறு, மேற்கே கடல். 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்த்தேக்கங்களே அதற்குப் பெயரும் புகழும் தந்தவை. ஆயின் மானும் கரடியும் யானையும் நீரருந்துவது வில்லுகளில் மாத்திரமன்று. பூங்காவினுள்ளே பழைய குளங்களும் உள. அவை மண் சுமந்து கட்டு உயர்த்தி, துருசு வைத்து, வாய்க்கால் வெட்டி மனிதர் ஆக்கியவை. யாலையிலும் இதே நிலைதான். உலர்வலயக் காடுகளிற் பெரும்பகுதி ஆதிவனம் அன்று என்றும், கமங்களும் குளங்களும் கைவிடப்பட்ட பின்னர் எழுந்த மறுவளர்ச்சி என்றும் அறிஞர் கூறுவர். எனவே காட்டினுள் இடிபாடு கிடக்கின்றது என்று கூறுவதிலும், இடிபாட்டின்மேல் காடு நிற்கின்றது என்று கூறுவதே உண்மைக்கு நெருங்கியது. இன்று வனவிலங்கின் சொத்தாக நாம் கருதும் நீர், ஒருகாலத்தில் பெயர் தெரியாத கமக்காரரின் உழைப்பு.

வில்பத்துவின் தென்மேற்கிலே பொம்பரிப்பு என்றோர் இடம் உண்டு. பொன்பரப்பி என்ற பழம் பெயரும் அதற்கு வழங்கும். அங்கே நிலத்தினுள் பெருந்தாழிகள் புதைந்து கிடக்கின்றன. தாழிகளினுள்ளே மனித எலும்புகளும், கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும், இரும்பு, செப்புப் பொருட்களும் உள்ளன. ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் காணப்பட்டன. 1920களில் ஹோகாட்டும், 1956-57இல் தொல்பொருட் திணைக்களமும், 1970இல் விமலா பெக்லி தலைமையிலே பென்சில்வேனியப் பல்கலைக்கழக நூதனசாலைக் குழுவும் அகழ்ந்து பார்த்தனர். மன்னார்க் குடாவின் மறுகரையிலே, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமை ஆய்வாளர் பலரும் எடுத்துக்காட்டியது. பூங்காவின் மேற்குக் கரையிலுள்ள குதிரைமலையைப் பழைய உரோம ஆசிரியர் பிளினி குறிப்பிடும் 'ஹிப்புரோஸ்' துறைமுகத்தோடு ஒன்றுபடுத்துவோர் உளர். உள்ளே காளி வில்லுக்கு அருகிற் சில கற்றூண்கள் குவேனியின் மாளிகை என்று காட்டப்படுகின்றன.

இவ்விடத்திலேதான் இரு பக்கத்துப் பெருமையும் மேடையேறுகின்றது. விஜயன் வந்திறங்கிய செம்மண் இது என்று ஒரு சாரார் உரிமை கொண்டாடுவர். தாழிகள் எம்மவருடையவை, ஆதலால் காடும் எம்முடையது என்று மறுசாரார் கூறுவர். நம்மவருள் முற்போக்குப் பேசுவோர் சிலரும் தாழியைக் கண்டதும் தம்மை மறந்துவிடுகின்றனர். தாழியில் உறங்குபவன் எந்த மொழி பேசினான் என்பது பயனற்ற வினா அன்று. வரலாற்றாசிரியன் அதனை ஆராய்தல் வேண்டும். ஆனால் அவன் எதனை உண்டான், எந்த நிலத்தை உழுதான், அக்குளத்தின் நீரைப் பங்கிட்டவர் யார், உபரி விளைச்சல் யாரிடம் சென்றது என்ற வினாக்களைக் கேட்காது மொழியை மாத்திரம் கேட்பவர், இடிபாட்டைக் காணி உறுதியாகவே வாசிக்கின்றார்.

பௌத்த இடிபாடுகளுக்கும் இது பொருந்தும். இதே பேலியகொடையில் உள்ள வித்தியாலங்காரப் பிரிவெனா, 1940களில் இடதுசாரி எண்ணமுடைய பிக்குகளின் நிலைக்களனாய் விளங்கியது. அவ்வணியைச் சேர்ந்த வல்பொல ராகுல தேரர் 1956இல் வெளியிட்ட இலங்கைப் பௌத்த வரலாறு பற்றிய ஆங்கில நூலில், பழைய விகாரைகளின் பக்தியை மாத்திரமன்றி, அவற்றின் நிலம், குளம், வருவாய், பணியாளர் ஆகியவற்றையும் எழுதினார். தூபியைக் காணும்போது அதன் பின்னால் நின்ற கிராமங்களையும் காணவேண்டும் என்பதை ஒரு பிக்குவே நமக்குக் கற்பித்தார். அவருடைய வாசகர் அப்பக்கங்களை விரைவில் மறந்துபோயினர் என்பது வேறு விடயம்.

இனி, காடு எவ்வாறு ஆளற்ற காடாயிற்று என்பதைச் சட்டப் புத்தகத்திலே காண்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிரிடப்பட்டுப் பின்னர் ஓய்வுக்கு விடப்படும் சேனை நிலமும் அவ்வனுமானத்துக்குள் அடங்கியது. பரம்பரையாகப் பயிரிட்டவனிடம் பத்திரம் கேட்கப்பட்டது. பத்திரம் இல்லாதவனின் நிலம் கோப்பிக்காரருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் ஆட்சி உத்தியோகத்தரே பலர் இருந்தனர். கோப்பி விளையாத உலர்வலயத்திலோ நிலம் விற்பனைக்கு அன்றி வேட்டைக்கு ஆயிற்று. மேஜர் ரொஜர்ஸ் என்ற துரை தனியொருவராக 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். அவர் 1845இல் மின்னல் தாக்கி மாண்டார். சாமுவேல் பேக்கர் தம் வேட்டைப் பிரதாபங்களைப் புத்தகமாகவே எழுதினார். விலங்குகள் அருகிவிட்டதைக் கண்ட வேட்டைக்காரத் துரைமார் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். யாலையில் அவர்களுக்கென வேட்டை ஒதுக்கமும் இருந்தது. அதற்குக் காவலராய் நியமிக்கப்பட்டவர் எங்கெல்பிரெக்ட், தென்னாபிரிக்கப் போரிலே சிறைப்பிடிக்கப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்ட போயர் ஒருவர். தம் நாட்டை இழந்த ஒருவரைக்கொண்டு இன்னொரு நாட்டவரின் காட்டைக் காவல் செய்வித்தது அவ்வாட்சியின் சிக்கனம் போலும்.

துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. கண்ணிக்கும் பொறிக்கும் கிடைக்கவில்லை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அரச நிலத்திலேயே தேசிய ஒதுக்கங்களை அமைக்க இடமளித்தது. தனியார் நிலமும் குடியிருப்பும் சரணாலயத்தில் இருக்கலாம். தேசிய பூங்காவிலோ பார்க்க வருபவனுக்கே இடம், வாழ்பவனுக்கு இடமில்லை. எது அரச நிலம் என்பதை 1840 ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்தது. 1940இன் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கல்லுக்குக் காவல் தந்தது. ஆக, விலங்குக்கு ஒரு சட்டம், கல்லுக்கு ஒரு சட்டம். அக்கல்லை அடுக்கியவனின் வழித்தோன்றலுக்கு இரண்டிலும் குற்றவாளி என்ற பெயரைத் தவிர வேறு பெயரில்லை.

இவ்வரலாற்றை நமது நாட்டைப் பற்றி எழுந்த இலக்கியம் எவ்வாறு நோக்கியது? ஜோன் ஸ்டில் தொல்பொருள் ஆய்வுப் பகுதியிற் பணிபுரிந்து காடுகளைக் காலால் அளந்தவர். 1930இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே காட்டை ஒரு கடற்பெருக்காக உருவகிக்கின்றது. குளமும் விகாரையும் நகரமும் காட்டு அலையினுள் அமிழ்ந்தன என்பது அவ்வுருவகம். அழகிய உருவகந்தான், ஆனால் அலைக்குப் பொறுப்பாளி எவருமில்லை. அலையைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. கா. இந்திரபாலா 1971இல் தொகுத்து வெளியிட்ட, ராஜரட்டை நாகரிகத்தின் வீழ்ச்சி பற்றிய கட்டுரைத் தொகுதியைப் புரட்டுவோர், படையெடுப்பு, நீர்ப்பாசன நிருவாகத்தின் சிதைவு, மலேரியா என்று காரணங்களைப் பற்றி அறிஞர் விவாதிப்பதைக் காண்பர். பெருங்குளங்கள் உடைந்த பின்னரும் சிறு கிராமக் குளங்கள் ஊராரின் உழைப்பாலே தொடர்ந்து வாழ்ந்தன என்பதை எட்மண்ட் லீச் அநுராதபுர மாவட்டத்துப் புல்எலியாக் கிராமத்தைக் கொண்டு 1961இற் காட்டினார். அலை அடித்த இடத்திலும் மனிதர் நின்றிருந்தனர்.

லெனாட் வுல்ப் இவர்களினும் பெரிய எழுத்தாளர். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்து, ஊர் திரும்பிப் பதவி துறந்து, 1913இல் அவர் வெளியிட்ட 'காட்டினுள் ஒரு கிராமம்' இந்நாட்டு உழவனை ஆங்கிலத்தில் மனிதனாக்கிய முதல் நாவல் என்பது என் கருத்து. பெத்தகமவில் வாழும் சிலிந்துவும் அவன் மக்களும் சேனையை நம்பி வாழ்கின்றனர். சேனைக்கு அனுமதி பெறுவது கிராமத் தலைவன் பபெஹாமியின் கையில். கடன் தருபவன் பெர்னாண்டோ. இருவரும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தைப் பட்டினி போடுவதற்குப் புலியும் வேண்டாம், பேயும் வேண்டாம். பொய்க் குற்றச்சாட்டு, விளங்காத நீதிமன்றம், சிறை, இறுதியில் சிலிந்துவின் துப்பாக்கி. குடியானவன் ஏன் கொலைகாரனானான் என்பதை ஒரு நீதவானே எழுதியிருக்கின்றார்.

ஆயினும் நாவலின் முடிவிலே வுல்ப் தம் சொந்தச் சாட்சியங்களையே கைவிட்டுவிடுகின்றார். ஊர் ஒருவர் ஒருவராய் அழிகின்றது. புஞ்சிமெனிக்கா தனியே எஞ்சுகின்றாள். காடு குடிசையை மூடுகின்றது. வாசகன் புத்தகத்தை மூடும்போது காடே கொன்றது என்று எண்ணிக்கொண்டு எழுகின்றான். சேனைக்கு அனுமதி மறுத்தது காடு அன்றே! அனுமதி என்ற ஒன்றை ஏற்படுத்திய அரசின் கை, நாவலின் நடுப்பகுதி எங்கும் தெரிந்து, கடைசி அத்தியாயத்தில் இலைகளின் பின்னே மறைந்துவிடுகின்றது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் இதனைத் திரைப்படமாக்கியபோது வுல்ப்பின் பாத்திரத்தில் ஆர்தர் சி. கிளார்க் நடித்தார் என்பதைப் பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். சேனை அனுமதி யார் கையில் இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

வுல்ப்பின் கிராமம் கற்பனை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர் மாதுறு ஓயாவில் நிகழ்ந்தது கற்பனையன்று. துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் கீழ்க் கனடிய உதவியுடன் அங்கு அணை கட்டப்பட்டது. அணைக்கட்டு வேலையின்போது, அதே இடத்தில் முன்னோர் கட்டிய பழைய அணையும் கல்லும் செங்கல்லும் கொண்ட பெருந்துருசும் வெளிப்பட்டன. நவீன பொறியியல் தேர்ந்தெடுத்த இடத்தையே பழைய பொறியியலும் தேர்ந்தெடுத்திருந்தது என்று நாடே வியந்தது, வியக்கத்தக்கதே. 1983 நவம்பர் 9ஆம் திகதி, 58,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு மாதுறு ஓயா தேசிய பூங்காவாயிற்று. புதுக் குடியேற்றங்களுக்காகக் காடு வெட்டப்பட்டதால் இடமிழந்த யானைகளுக்குப் புகலிடம்; நீர்த்தேக்கங்களின் நீரேந்து பகுதிக்குக் காப்பு; பூங்காவினுள் ஹேனானிகல, குடாவில, குருகும்புர முதலிய இடங்களிற் கிடக்கும் விகாரை இடிபாடுகளுக்குக் காவல். மூன்று நோக்கங்களும் நல்லவை.

அக்காட்டிலே மனிதர் இருந்தனர். தம்மை வன்னியல எத்தோ, காட்டு மக்கள் என்று அழைத்துக்கொள்ளும் வேடர் அங்கு வேட்டையாடினர், தேனெடுத்தனர், சேனை செய்தனர். 1911இல் செலிக்மன் தம்பதியர் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதினர்; எல்லா நூலகங்களிலும் அது உண்டு. நூலகத்தில் இடம் கிடைத்தவர்களுக்குப் பூங்காவில் இடம் கிடைக்கவில்லை. ஹேனானிகலவில் நெற்காணி தரப்பட்டுக் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. தலைவர் ஊருவரிகே திசாஹாமியும் சில குடும்பத்தினரும் தம்பானைப் பகுதியிலுள்ள கொட்டபக்கினியாவை விட்டு நகர மறுத்தனர். 1998இல் இறக்கும்வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். முன்னோர் தேனெடுத்த மரத்தை நாடிச் செல்பவன் அத்துமீறிப் புகுந்தவன் ஆனான். சுற்றுலாப் பயணிகளோ நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போயினர். திரும்பும் வழியில் தம்பானையில் இறங்கி, வில்லும் கோடரியும் ஏந்திய வேடரோடு புகைப்படம் எடுத்துக்கொண்டனர். உயிரோடிருக்கும் மனிதரையே இடிபாடாக்கிக் காட்சிக்கு வைக்கும் இந்நிலை நமது முற்போக்கு எழுத்தாளரையும் போதிய அளவு வெட்கப்படுத்தவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பிழையன்று. இடிபாடுகளைக் காப்பதற்கென்றே அமைந்த பூங்காக்களுள் முதன்மையாகப் பேசப்படுவது ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள மேசா வேர்டே. 1906 யூன் 29ஆம் திகதி அமைக்கப்பட்டது. செங்குத்தான பாறைக் குகைகளுக்குள் கட்டப்பட்ட கல்வீடுகளை அது காக்கின்றது. அவற்றைக் கட்டியோர் 'மறைந்துபோன இனம்' என்று நெடுங்காலம் எழுதினர். அவ்வினம் மறையவில்லை, ஏறக்குறைய 1300இல் தெற்கே நகர்ந்தது, அதன் வழித்தோன்றல்களான புவெப்லோ மக்கள் இன்றும் நியூமெக்சிக்கோவிலும் அரிசோனாவிலும் வாழ்கின்றனர். பூங்கா அமைந்த பின்னர், முக்கியமான பாறை வீடுகள் பல எல்லைக்கு வெளியே யூட் மக்களின் ஒதுக்க நிலத்தில் இருப்பது தெரியவந்தது. மாற்று நிலம் தருவதாய்ச் சொல்லி, அம்மக்கள் விரும்பாத பேரத்தின் மூலம் அந்நிலமும் பெறப்பட்டது.

ஆயின் மேசா வேர்டேயின் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 1891இல் சுவீடன் தேசத்து நோர்டன்ஷோல்ட் அங்கே அகழ்ந்து, பொருட்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றினார். அவரைக் கைது செய்தனர். தடுக்கச் சட்டமில்லை என்று விட்டுவிட்டனர். அப்பொருட்கள் பின்லாந்தின் தேசிய நூதனசாலையை அடைந்தன. அவற்றுள் இருந்த மனித எச்சங்களும் ஈமப் பொருட்களும் 2020இலேதான் அம்மக்களிடம் திரும்பின. ஆதிச்சநல்லூரிலிருந்தும் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தாழிகளைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். நமது காடுகளிலோ புதையல் தோண்டுவோர் இரவோடிரவாகத் தூபிகளின் நெஞ்சைப் பிளந்து போட்டுவிட்டுப் போகின்றனர். மரம் கடத்துவோனும் மணல் அள்ளுவோனும் இறைச்சி வியாபாரியும் பூங்காவின் எல்லையிலே காத்திருக்கின்றனர். அவர்களிற் பலருக்கு அரசியல் வாதிகளின் வாகனங்களே துணை. பூங்காவை ஒழித்துவிடு என்பவன் கமக்காரனுக்காகப் பேசவில்லை, இவர்களுக்காகவே பேசுகின்றான். காவல் வேண்டும். யாருடைய கையில், யாரை விலக்கி என்பதே வழக்கு.

அவ்வழக்கு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு வில்பத்துவின் வடவெல்லைக்கு அப்பாலுள்ள முசலிப் பிரதேசம் சான்று. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரோடும் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டனர். தமிழர் என்ற முறையில் நாம் இதனைச் சுற்றி வளைக்காது எழுதுதல் வேண்டும். பலர் புத்தளத்து முகாம்களில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்தனர். 2009க்குப் பின் திரும்பிச் சென்றபோது அவர்களுடைய காணிகளைக் காடு மூடியிருந்தது. 2012இல் அப்பகுதியின் நிலங்கள் வர்த்தமானி மூலம் வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டன. கிணற்றுக்கட்டும் வீட்டு அத்திவாரமும் புதருக்குள் கிடக்க, அவற்றின் உரிமையாளரே காடழிப்போர் என்று பத்திரிகைகளில் வருணிக்கப்பட்டனர். வேறொரு புறத்தில், கல்லாறு வன ஒதுக்கத்தில் காடு வெட்டிக் குடியேற்றியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, அங்கு மீண்டும் மரம் நாட்டும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. திரும்பி வரும் அகதியின் உரிமை வேறு, அவ்வுரிமையின் மறைவில் அமைச்சர் நடத்தும் குடியேற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது சூழலியல் என்ற பெயரில் இனவாதம் பேசுவோருக்கு வசதி; பிரித்துக் காணாதிருப்பது அமைச்சருக்கும் வசதி. எனினும் இலக்கியகாரன் கவனிக்க வேண்டியது இது: இருபது ஆண்டுகளில் ஓர் ஊரைக் காடு எவ்வாறு மூடும் என்பதை நம் கண்முன்னே கண்டோம். அதனை எவரும் கடற்பெருக்கு என்று உருவகிக்கத் துணியவில்லை. விரட்டியவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

வில்பத்துக் காட்டை நாவலின் களமாக்கியவர் நிஹால் டி சில்வா. 2003இல் வெளிவந்த 'ஆனையிறவிலிருந்து வரும் பாதை' என்ற ஆங்கில நாவலில், இராணுவத் தலைவன் ஒருவனும் புலிகள் இயக்கப் பெண் ஒருத்தியும் அக்காட்டின் வழியே நடந்து வருகின்றனர். பறவைகளின் பெயர்களை அறிந்த இருவர், பகைமையை மெல்ல மறக்கின்றனர். மனிதநேயமுள்ள படைப்பு, விரைந்து படிக்கலாம். ஆனால் அங்கும் காடு, வரலாறு சற்று இளைப்பாறும் இடமாகவே வருகின்றது. போரினால் 1988 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்த பூங்கா அது. 2006 மே மாதம் அதே காட்டிலே கண்ணிவெடியில் அகப்பட்டு நிஹால் டி சில்வா தோழர்களுடன் உயிரிழந்தார். அந்நாவலை நேசித்த நமக்கு அச்செய்தி இன்றும் ஆறாதது.

தமிழிலே காட்டை வாழிடமாகக் கண்ட நாவல் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1973இல் வெளிவந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பு அதன் களம். பழைய குளத்தின் கீழ்க் குடியிருந்து, காட்டில் வேட்டையாடி, தேனெடுத்து, கதிராமனும் பதஞ்சலியும் வாழும் வாழ்வில் காடு தெய்வமுமன்று, கொலைகாரனுமன்று, வேலைத்தலம். காட்டை வெட்டும் கை காட்டின் பெயர்களையும் அறிந்திருக்கின்றது. நாவலில் உணர்ச்சி மிகைப்பட்ட இடங்கள் உண்டு. பட்டணத்து ஆசிரியரின் வருகை கதையைச் சற்றுப் பழகிய தடத்தில் இழுக்கின்றது. அக்குறைகளுக்கு மேலே, வுல்ப்பின் கடைசி அத்தியாயத்திற்கு ஒரு மறுமொழியாக அதனை வாசிக்கலாம் என்று கருதுகின்றேன். இங்கே பெண் காட்டினால் விழுங்கப்படுவதில்லை. காட்டிலே வாழத் தெரிந்தவளாய் இருக்கின்றாள்.

அந்தத் தண்ணிமுறிப்பு மக்கள் 1984இல் வெளியேற்றப்பட்டனர். அவ்வூரின் பக்கத்திலே குருந்தூர்மலை இருக்கின்றது. 1933இலேயே 78 ஏக்கர் தொல்பொருள் ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட பௌத்த இடிபாட்டுத் தலம் அது. அவ்வெல்லையைப் பன்மடங்கு விரிக்க முயன்றபோது, ஊராரின் வயலும் மேய்ச்சல் நிலமும் இடிபாட்டுக்குள் வந்தன. அவ்விரிவு பற்றிய தகராற்றில் 2023 யூனில் தொல்பொருட் பணிப்பாளர் நாயகமே பதவி துறந்தார். இதற்கு முன்னே, 2020 யூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபை முகாமைசெய்யப் பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் ஜனாதிபதிச் செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாய் வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. கல்லைக் காக்கப் படைத்துறை வேண்டியிருந்தது; கல்லின் அயலிலே வாழ்பவனின் வாய்ச்சொல் வேண்டியிருக்கவில்லை. 'நிலக்கிளி'யைப் பாராட்டிக் கூட்டம் வைக்கும் நாம், அந்நாவலின் ஊர் ஒரு தொல்பொருள் வழக்கில் சிக்கியிருப்பதை அக்கூட்டங்களிற் பேசியதுண்டா?

மாற்று வழி இல்லையென்று சொல்வோருக்கு வில்பத்துவே விடையாகின்றது. பூங்காவின் உள்ளே பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் தேவாலயம் இருக்கின்றது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு யாத்திரிகர், தமிழரும் சிங்களவரும், காட்டினுள் சென்று தங்கித் திரும்புகின்றனர். கடலோரத்திலே பூக்குளம் மீனவர் இருக்கின்றனர். ஆக, சட்டம் விரும்பினால் மனிதனுக்கும் வழி விடும். விழாவுக்கு விடும் வழியைத் தேனெடுப்பவனுக்கும், குளத்துக் கட்டின் பழைய அமைப்பை அறிந்த கிழவனுக்கும், மூதாதையர் கல்லறையை நாடும் மகளுக்கும் ஏன் விடலாகாது? பொம்பரிப்பிலும் மாதுறு ஓயாவிலும் காவலர், வழிகாட்டிகள், அகழ்வுத் தொழிலாளர் என்ற பதவிகள் அயலூராருக்கு முதலில் செல்லட்டும். தம்பானைப் பிள்ளை வழிகாட்டியாய் வந்து, இது எங்கள் பாட்டன் தேனெடுத்த பாறை, இது அவனுக்கும் முன்னே எவரோ கட்டிய துருசு என்று மும்மொழியிலும் சொல்லட்டும். எல்லை வரையும்போது நில அளவையாளரோடு ஊராரும் நடந்து, கைவிட்ட கிணறுகளையும் குளங்களையும் படத்திற் குறிக்கட்டும். விரட்டப்பட்டோர் திரும்பும் உரிமை, வர்த்தமானிக்கு முன்னரே தீர்க்கப்படட்டும், பின்னர் அன்று. புதையல் திருடனை ஊரறியாது காடு அறியாது. அவனைப் பிடிக்க ஊரைவிடச் சிறந்த காவல் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

எழுத்தாளருக்கும் வேலை இருக்கின்றது. ஹேனானிகலவிற் பிறந்த முதல் தலைமுறைக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அவர்கள் நெல் விதைக்கக் கற்றனர், சிங்களப் பாடசாலையிற் படித்தனர், தம் பாட்டன்மாரின் காடு வாய்க்காலுக்கு அப்பால் இருப்பதைக் கண்டு வளர்ந்தனர். அவர்களுடைய நாவல் ஒன்றை நாம் தமிழில் வாசித்ததில்லை. வாகரைக் கரையோரத்திலே தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர். மீன்பிடித்தும் சேனை செய்தும் கூலிக்குச் சென்றும் பிழைக்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் நமது பாடசாலைகளிலேயே, நம் எதிரே உள்ள வாங்குகளிலேயே இருக்கின்றனர். காட்டைப் பற்றிக் கட்டுரை எழுதும்படி அவர்களிடமே முதலிற் கேட்கலாம்.